வில்டா பார்த்த குதிகால்

டென்னசி மாநிலத்துப் பிரானக் ஊரில் பிறந்து வளர்ந்த எவனும் வில்டா ஹாப்குட்டிடம் ஒரு முறையாவது திட்டு வாங்காமல் பள்ளிக்கூடம் முடித்ததில்லை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின் இருக்கையில் இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டால், தலையைத் திருப்பாமலே ஓர் அதட்டல் போடுவாள். அந்த அதட்டலுக்குப் பக்கத்தில் போகிற லாரிகூட வேகத்தைக் குறைக்கும் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

வாரம் ஐந்து நாள் பேருந்துக்குள் அடைபட்டுக் கிடந்த அந்தக் குரலுக்குச் சனிக்கிழமைதான் விடுதலை. இலையுதிர் காலம் வந்துவிட்டால் பிரானக் கல்லூரியின் ஃபுட்பால் மைதானத்தில், வடக்கு மூலையில், முதல் வரிசையில் அவள் இருப்பாள். பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. கல்லூரி அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். வில்டா அந்தக் கல்லூரியில் படித்தவளல்ல. அவளுடைய அம்மா அங்கே சமையல்கூடத்தில் வேலை பார்த்தாள், அவ்வளவுதான் உறவு.

"படிக்கலேன்னா என்ன இப்போ? படிச்சவன் எவனாவது என்னை மாதிரி கத்துறானா?" என்பாள்.

க்ளோவிஸ் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுத்ததே அந்த மைதானத்தில்தான். இடைவேளையில் மோதிரத்தை நீட்டியிருக்கிறான். "இரு, ஆட்டம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கழுதைகள் ஜெயித்ததால் தனக்குப் பெண்டாட்டி கிடைத்தாள் என்று அவன் இன்றைக்கும் நம்புகிறான். பின்னாளில் மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்தபோதும், அணிக்கு ஆட்டமில்லாத வாரமாகப் பார்த்துத்தான் வில்டா வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களும் ஃபுட்பால் பைத்தியம் பிடித்த டென்னசிக்காரர்கள்தான்.

வில்டாவின் இருக்கைக்கு நேர் கீழே, புல்வெளியின் ஓரத்தில், எல்லைக்கோட்டு நடுவர் வந்து நிற்பார். கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை. ஒவ்வொரு வாரமும் ஆள் மாறும், சட்டை மாறாது. அந்தச் சட்டைக்குள் யார் இருந்தாலும் வில்டாவின் வாயிலிருந்து தப்ப முடியாது.

"யோவ் வரிக்குதிரை! கண்ணை வீட்டு அலமாரியிலே வச்சுப் பூட்டிட்டு வந்துட்டியா?"

க்ளோவிஸ் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். சத்தம் அவனுக்குப் பழக்கம்தான், இருந்தாலும் பஞ்சு வேண்டியிருந்தது.

லைடல் கல்லூரியோடு ஆட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே வண்டிகள் நிறுத்துமிடத்தில் புகை கிளம்பிவிட்டது. ராஸ்கோ டில்லார்ட் தன் டிரக்குக்குப் பின்னால் அடுப்பு மூட்டிப் பன்றி விலாக்கறியை வாட்டிக்கொண்டிருந்தான். ராஸ்கோ காப்பீட்டு முகவர். வாழ்க்கையில் எல்லாக் கெட்டதும் நடந்தே தீரும் என்று ஜனங்களை நம்ப வைப்பது அவன் தொழில். கோவேறு கழுதைகள் தோற்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு சதி இருக்கிறது என்று நம்ப வைப்பது அவன் பொழுதுபோக்கு.

ஆட்டம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போயிற்று. லைடல் நான்கு புள்ளி முன்னால் நின்றது. கடைசிப் பந்து. நம்ம பையன் ஒருவன் வடக்கு மூலையை நோக்கி ஓடினான். பந்து அவன் தலைக்கு மேலே பறந்து வந்தது. கையில் வாங்கி, ஒரு காலையாவது கோட்டுக்குள் ஊன்றிவிட்டால் ஆறு புள்ளி, ஜெயம். மைதானமே எழுந்து நின்றது.

வில்டாவின் கையில் பாகில் புரட்டிய சோளப்பொரிப் பொட்டலம் இருந்தது. பதற்றத்தில் ஒரு கைப்பிடியை அள்ளி வாயில் போட்டுக் கடித்தாள். அதில் பொரியாத சோளம் ஒன்று கிடந்திருக்கிறது. இடது கடைவாய்ப்பல் 'டக்'கென்றது. தாடையிலிருந்து உச்சந்தலைவரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் ஒரே கூச்சல். கீழே வரிச்சட்டைக்காரர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே. பிடி செல்லாது. ஆட்டம் முடிந்தது.

வில்டா பல்லை மறந்தாள். துள்ளி எழுந்தாள். "உள்ளே! உள்ளேதான்யா! கால் உள்ளே!" என்று கத்தினாள்.

பெரிய கல்லூரிகளில் சந்தேகம் வந்தால் கேமராவில் திரும்பப் பார்ப்பார்கள். பிரானக்கில் அந்த வசதி கிடையாது. நடுவர் கையை வீசினால் வீசியதுதான். ஆனால் ஊர் வாயை எந்த நடுவர் மூடுவார்? வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்வதற்குள் விவாதம் சூடு பிடித்துவிட்டது. யாரோ ஒருவருடைய கைப்பேசியில் படம் இருந்தது. அதில் ஒரு தொப்பியும் பாதி வானமும் நன்றாகத் தெரிந்தன.

"வில்டா, நீ அந்த மூலையிலேதானே உக்காந்திருந்தே? நீ சொல்லு" என்றான் ராஸ்கோ.

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வில்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"குதிகால் உள்ளே. இந்தா, இவ்வளவு உள்ளே" என்று விரலிடுக்கில் அளவு காட்டினாள். "குதிகாலுக்கு அடியிலே பச்சைப் புல்லு. என் ரெண்டு கண்ணாலே பாத்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அது அவளுக்கு உண்மையாகவே தெரிந்தது. புல் தெரிந்தது, குதிகால் தெரிந்தது, காலணியில் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது.

மறுநாள் தேவாலயம் விட்டதும் பாதி ஊர் நெட்டி பெல் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கூடியது. போதகரே அன்றைக்குப் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து ஒரு மேசையைப் பிடித்துவிட்டார்.

"அந்த நடுவரோட பெண்டாட்டி லைடல்காரியாம்" என்று ராஸ்கோ ஆரம்பித்தான்.

"யார் சொன்னா?" என்று காப்பி ஊற்றிக்கொண்டே நெட்டி பெல் கேட்டாள்.

"யாராவது சொல்லணுமா? முகத்தைப் பாத்தாலே தெரியல?"

"நீ பாத்தது அந்தாளு முதுகைத்தானேய்யா."

"முதுகைப் பாத்தாலும் தெரியும், நெட்டி. பெண்டாட்டிக்குப் பயந்தவன் முதுகு அது."

கடை குலுங்கியது. வில்டா மட்டும் சிரிக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்து வலது பக்கமாகவே மென்றாள். ஆனாலும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குதிகால் கதையைச் சொல்லத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் குதிகால் கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. கடைசியில் லைடல்காரனே ஒப்புக்கொள்ளுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. க்ளோவிஸ் பக்கத்தில் உட்கார்ந்து முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் பேசியிருந்தால்தான் ஆச்சரியம்.

திங்கட்கிழமை காலை வில்டாவின் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. பேருந்துக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர்ப் பல் மருத்துவர் மான் வேட்டைக்குப் போயிருந்தார். அவருடைய உதவியாளர், கார்னெட் ஊரில் டாக்டர் ஆஷ்பி என்று ஒருவர் இருக்கிறார், வலிக்காமல் பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினாள். க்ளோவிஸ் வண்டியை எடுத்தான்.

டாக்டர் வெண்டல் ஆஷ்பி ஒல்லியான, சாதுவான மனிதர். தரைக்கு வலிக்குமோ என்று பார்த்து நடப்பதுபோல நடந்தார்.

"எப்ப உடைஞ்சுதும்மா?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை, டாக்டர். பிரானக்லே ஆட்டம் பாத்துட்டு இருந்தேன். கடைசிப் பந்து மேலே பறக்குது, அந்த நேரம் பாத்து ஒரு சோளத்தைக் கடிச்சிட்டேன். உயிரே போயிருச்சு. கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வந்துடுச்சு."

டாக்டர் அவளை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். பிறகு, "வாயை நல்லாத் திறங்க" என்று ஊசியைப் போட்டார்.

மருந்து ஏறியது. உதடும் நாக்கும் மரத்துப்போயின. வாய்க்குள் பஞ்சுச் சுருள், ஒரு கொக்கிக் குழாய், டாக்டரின் இரண்டு விரல். அப்போதுதான் வில்டா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. கழுத்தில் விசில், கருப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை. அதற்குள் இதே ஒல்லி மனிதர்.

"ம்ம்ம்ம்!" என்றாள் வில்டா.

"வலிக்குதா?"

"ம்ம்ம்! ம்ம்!"

டாக்டர் அவள் பார்வை போன திசையைப் பார்த்தார். "ஓ, அதுவா. சனிக்கிழமை வேலை" என்றார். இயந்திரத்தைக் கையில் எடுத்தார். "நீங்க வாசல்லே நின்னு வண்டியை எங்கே நிறுத்தணும்னு வீட்டுக்காரருக்குச் சொன்னீங்களே, அப்பவே எனக்கு முதுகு கூசிச்சு. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கோமேன்னு. கண்ணை அலமாரியிலே வச்சுப் பூட்டிட்டு வந்தியான்னு கேட்டது நீங்கதானே?"

வில்டா வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நடுவருக்கு எதிரில் வாயைப் பிளந்தபடி பேச முடியாமல் கிடந்தாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை வசவுகளும் தொண்டைவரை வந்து பஞ்சுச் சுருளில் முட்டித் திரும்பின.

"தலையை ஆட்டாதீங்கம்மா, கருவி உள்ளே இருக்கு." இயந்திரம் ரீங்காரமிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "கடைசிப் பந்து பறக்குறப்ப கண்ணு இருட்டிடுச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"ம்."

"அப்ப அந்தக் காலை நீங்களும் பாக்கல."

இல்லை, பார்த்தேன் என்று வில்டா சொல்ல வந்தாள். கூரையைப் பார்த்தாள். குதிகாலையும் பச்சைப் புல்லையும் நினைவில் தேடினாள். சோளம்தான் வந்தது. 'டக்'கென்ற சத்தம் வந்தது. அதற்கப்புறம் கும்மிருட்டு.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மரத்துப்போன வாயோடு சிரித்ததில் எச்சில் வழிந்து கழுத்துத் துணி நனைந்தது. டாக்டர் துடைத்துவிட்டார்.

வேலை முடிந்து பஞ்சை எடுத்ததும் அவள் முதலில் கேட்டது பல்லைப் பற்றியல்ல. "உழ்ழேயா, வெழியேயா?" என்றாள்.

டாக்டருக்குப் புரிந்தது. கையுறையைக் கழற்றிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். "கால் கீழே வந்தப்ப பையனோட முழங்கால் எனக்கும் கோட்டுக்கும் நடுவிலே வந்துடுச்சு. குதிகால் வெள்ளைக் கோட்டுலே பட்ட மாதிரி இருந்துச்சு. கையை வீசிட்டேன். வீசின கையைத் திரும்ப எடுத்துப் பையிலே போட்டுக்க முடியாதில்லையா? சனிக்கிழமையிலேர்ந்து அதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். உள்ளேயும் இருந்திருக்கலாம்."

"அப்ழுறம் ஏன் இந்த வேழைக்குப் போறீங்க? நாங்க திட்டுறதைக் கேக்கவா?"

அவர் யோசித்தார். "வாரம் முழுக்க இந்த நாற்காலியிலே உக்கார்றவங்க யாரும் என்னை எதிர்த்துப் பேசறதில்ல. எப்படிப் பேசுவாங்க? சனிக்கிழமை ஒரு நாளாவது மனுஷங்க வாயாலே நாலு வார்த்தை காதுலே விழட்டுமேன்னுதான்."

திரும்பி வருகிற வழியில் வில்டா புருஷன் பக்கம் திரும்பினாள். "க்ளோவிஸ், நீ பாத்தியா?" என்றாள்.

"எதை?"

"கடைசியிலே. காலை."

"நான் உன்னைத்தான் பாத்துட்டு இருந்தேன். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி உக்காந்துட்டே. நெஞ்சுவலியோன்னு பயந்துட்டேன்."

"அப்ப நேத்து கடையிலே ஏன் வாயைத் திறக்கல?"

"நீ பேசிக்கிட்டு இருந்தே."

வில்டா அவனை முறைத்தாள். முறைத்துவிட்டு, அவன் தோளில் ஒரு குத்து விட்டாள். அது கொஞ்சலில் சேர்த்தி என்று க்ளோவிஸுக்குத் தெரியும்.

அன்று மாலை உள்ளூர் வானொலியில் ஃபுட்பால் பேச்சு நிகழ்ச்சி. வாராவாரம் கேட்கிறவர்கள் தொலைபேசியில் பேசுவார்கள். வில்டா அதில் நிரந்தர நட்சத்திரம். இந்த வாரம் வாய் சரியில்லை, கேட்க மட்டும் செய்யலாம் என்று சமையலறையில் மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். முதல் ஆளாக ராஸ்கோ வந்தான்.

"டூயி, கண்டுபிடிச்சிட்டேன்!" என்று அவன் நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் கூவினான். "அந்த நடுவர் ஒரு பல் டாக்டர்! கார்னெட்லே கடை விரிச்சிருக்கான். எல்லாரும் நாளைக்குக் காலையிலே போன் போடுங்க. போன் போட்டு, கண்ணுக்கு என்ன வைத்தியம்னு கேளுங்க. நாள் பூரா கேளுங்க!"

டூயி சிரித்தார். "நம்ம வில்டாவே கண்ணாலே பாத்தேன்னு சொல்லியிருக்காங்களே. அப்புறம் என்ன சாட்சி வேணும்?"

வில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் விரலிடுக்கில் காட்டிய அளவை வைத்துத்தான் ஊர் இப்போது ஒரு மனுஷனின் வாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. தொலைபேசியை எடுத்தாள்.

"டூயி, நான்தான் வில்டா."

"வாங்க வாங்க! குரல் என்ன ஒரு மாதிரியா இருக்கு?"

"பல்லு வலி. கேளு. நான் அந்தக் காலைப் பாக்கல."

"என்னது?" என்றார் டூயி.

"சோளத்தைக் கடிச்சுப் பல்லு உடைஞ்சுது. கண்ணை மூடிட்டேன். திறந்தப்ப அந்தாளு கையை வீசிட்டு இருந்தாரு. எல்லாரும் கத்துனாங்க, நானும் கத்துனேன். பச்சைப் புல்லைப் பாத்தேன்னு சொன்னேன். பாக்கல. இன்னொண்ணும் கேளு, ராஸ்கோ. நீ அந்த நேரத்திலே எங்கே இருந்தே? அடுப்பை அணைக்கப் போறேன்னு முன்னாடியே கிளம்பிட்டே. உன் விலாக்கறிதான் உனக்கு முக்கியம். மைதானத்திலே அந்தக் காலைப் பாத்தவர் ஒருத்தர்தான் இருக்காரு. அவர் பாத்தது தப்பாவும் இருக்கலாம். சனிக்கிழமை அவரை நான் திட்டுவேன், அது என் உரிமை. மத்த நாள்லே அவர் வேலை பாக்கற இடத்துக்குப் போன் போட்டு எவனாவது தொந்தரவு பண்ணினீங்க, அவன் பிள்ளைகளைப் பேருந்திலே முதல் சீட்டிலே உக்கார வச்சு வீடுவரைக்கும் நான் பாடிக்கிட்டே வருவேன்."

வில்டாவின் பாட்டு எப்படி இருக்கும் என்பது ஊருக்குத் தெரியும். யாரும் போன் போடவில்லை.

அதற்குப் பதில் எல்லாரும் வில்டாவைப் பிடித்துக்கொண்டார்கள். கடையில் அவள் வழக்கமாக உட்காரும் மேசையில் யாரோ பொம்மை மூக்குக்கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார்கள். "துரோகி வந்துட்டா, காப்பியைத் தண்ணியாப் போடு, நெட்டி" என்று ராஸ்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேருந்தில் பிள்ளைகளோ அதைவிட மோசம். சன்னல் வழியாகத் தொப்பியை எறிந்த பையன், "நான் எறியல, மிஸ் வில்டா. நீங்க அப்ப கண்ணை மூடியிருந்திருப்பீங்க" என்றான். மொத்தப் பேருந்தும் கைதட்டியது. வில்டா அதட்டலுக்கு வாயைத் திறந்து, சிரித்துத் தொலைத்தாள்.

அந்தக் கோபம் அடுத்த சனிக்கிழமைவரைதான் தாங்கியது. அன்றைக்கு வெளியூர் ஆட்டம். கோவேறு கழுதைகள் மறுபடியும் தோற்றார்கள். வேறொரு நடுவர், வேறொரு தீர்ப்பு. இந்த முறை முழங்கால் தரையில் படுவதற்கு முன்பே பந்து கையிலிருந்து நழுவியதா, பட்ட பிறகு நழுவியதா என்று வழக்கு. முழங்கால் முதலில் பட்டுவிட்டால் நழுவியது கணக்கில் வராது. ஞாயிற்றுக்கிழமை ராஸ்கோவே வில்டாவின் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பழைய சண்டையை வைத்துக்கொண்டு புதுச் சண்டையைத் தனியாகப் போட அவனால் முடியவில்லை.

பல்லுக்கு மேல் உறை மாட்டுவதற்கு வில்டா மறுபடியும் கார்னெட் போகவேண்டியிருந்தது. விஷயம் தெரிந்து ராஸ்கோவும் வண்டியில் ஏறிக்கொண்டான்.

"எனக்கும் பல்லைச் சுத்தம் பண்ணணும்" என்றான்.

"பல்லையா? உனக்கா?"

"ஆமா. போற போக்கிலே அந்தாளுகிட்டே ரெண்டு கேள்வியும் கேக்கணும். உன்னை மாதிரி நான் பயந்துக்கிட்டு வாயை மூட மாட்டேன்."

"நான் வாயைத் திறந்துதான் வச்சிருந்தேன், ராஸ்கோ" என்றாள் வில்டா.

வழி நெடுக அவன் கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். விதி என்ன சொல்கிறது, முழங்கால் எங்கே இருந்தது, பெண்டாட்டி எந்த ஊர். வில்டாவின் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ராஸ்கோ உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. வில்டாவும் க்ளோவிஸும் காத்திருக்கும் அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயந்திரத்தின் ரீங்காரமும் இடையிடையே "ம்ம்ம்!" என்ற சத்தமும் கேட்டன.

வெகு நேரம் கழித்து ராஸ்கோ வெளியே வந்தான். பற்கள் பளபளவென்றிருந்தன. கையில் ஒரு புதுப் பல்துலக்கி.

"என்ன சொன்னார்?" என்றாள் வில்டா.

ராஸ்கோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "தினமும் பல்லிடுக்கிலே நூல் விட்டுச் சுத்தம் பண்ணணுமாம்."

க்ளோவிஸ் முதலில் சிரித்தான். அவன் அவ்வளவு உரக்கச் சிரித்து வில்டா கேட்டதே இல்லை. வண்டியில் ஏறும்போது ராஸ்கோ, அடுத்த முறை வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னாலேயே கேள்வியை ஆரம்பித்துவிட வேண்டும் என்று சொன்னான். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறாராம். அப்படியே போதகருக்கும் ஒரு நேரம் கேட்டு வைத்திருக்கிறானாம். போன வாரம் நழுவிய அந்தப் பந்தைப் பற்றி அவருக்கும் சில சந்தேகங்கள் இருந்தன.

"அது நழுவலேன்னு நான் சொல்றேன்" என்றான் ராஸ்கோ.

"நழுவிச்சு" என்றாள் வில்டா.

"முழங்கால் முதல்லே பட்டுச்சு!"

"யோவ், உன் கண்ணை எங்கேய்யா வச்சிருந்தே?"

க்ளோவிஸ் சட்டைப் பையில் பஞ்சைத் தேடினான். அங்கே இல்லை. வண்டியைக் கிளப்பினான்.